இன்னும் ஒரே ஒரு புத்தகம்

“இதுல சக்கரம் மடங்கி உள்ள போற குழியோட படம் இல்லையே!” என்றாள் வாத்தியாரம்மா, புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு.

கடைக்காரர் அசந்துபோனார். “மத்த வீட்டம்மாங்க இந்த மாதிரி விமானப் புத்தகத்தைப் பார்த்தாலே எரிஞ்சு விழுவாங்க. நீங்க குழியெல்லாம் தேடறீங்க. சார் கொடுத்து வச்சவரு!”

பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் பெருமையாகத் தலையாட்டினார்.

விஷயம் இதுதான். ஒரு பழைய போர்விமானத்தை முழ நீளத்தில், அச்சு அசலாகச் செய்து பார்க்க வேண்டும் என்று வாத்தியாருக்கு வெகுநாள் ஆசை. ரிட்டயர் ஆன கையோடு, ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டியையும் வாங்கிவிட்டார். கடையில் இருந்த கடைசிப் பெட்டி. கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திவிட்டானாம்.

வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பெட்டி இன்னும் பீரோ மேல்தான். அதைச் செய்வதற்கான புத்தகங்கள் மட்டும் அலமாரி நிறைய.

“எங்க அக்காவைக் கட்டும்போதுகூட அத்தான் இவ்வளவு யோசிக்கலை!” என்று மைத்துனன் சிரித்தான்.

வாத்தியாரம்மா சிரிக்கவே மாட்டாள். “பதறாத காரியம் சிதறாதுடா. சரியான படம் கைக்கு வராம பெட்டியைப் பிரிக்கலாமா?” என்பாள். இப்படியும் ஒரு மனைவியா என்று ஊரே மெச்சியது.

மெச்சட்டும். உண்மை அவளுக்கல்லவா தெரியும்!

பெட்டி வந்த புதுசில், அவர் வெளியே போயிருந்த நேரம், ட்யூப்லைட் மாற்ற ஸ்டூலைத் தேடினாள். ஸ்டூல் பக்கத்து வீட்டில் இருந்தது. பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஏறினாள். ‘மடக்’ என்றது.

திறந்து பார்த்தால், இடது இறக்கை இரண்டாகக் கிடந்தது. பெட்டியை மூடி, டேப் போட்டு ஒட்டி, பீரோ மேலே ஏற்றிவிட்டாள். சாயங்காலம் வந்த வாத்தியார், “அட, லைட் எரியுதே!” என்றார். அத்தோடு சரி.

அவர் கத்துகிற ஆளாக இருந்தால் அன்றைக்கே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். மனுஷன் கத்த மாட்டார். முகம் சுண்டிப்போகும். அதைத்தான் அவளால் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் ஒரு நொட்டை சொன்னாள். ஒன்றில் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம், என்ன நிறம் அடிப்பது? இன்னொன்றில் வால் உயரம், அது பின்னால் வந்த மாடல். வேறொன்றில் விமானி உட்காரும் இடமே இல்லை. பொய்யில்லை, எல்லாம் நிஜமான குறைகள்தான். ராப்பகலாகப் படித்துக் கண்டுபிடித்தாள், பாவம்.

ஆனால் இன்று வாத்தியார் மசியவில்லை.

“போதும்மா. இதுதான் கடைசி. ஞாயித்துக்கிழமை பெட்டியைப் பிரிச்சுடறேன்.”

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான் அவளுக்கு. “என்னங்க அவசரம்? இன்னும் ஒரே ஒரு புத்தகம் பார்த்துடலாமே. குழி இல்லாம...”

“குழி விமானத்துக்கு அடியில இருக்கு. எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்?” என்று சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பா பார்க்கக் கடையின் உள்பக்கம் போய்விட்டார்.

வாத்தியாரம்மாவுக்கு அழுகை முட்டியது. அவராகப் பார்ப்பதற்குள் சொல்லிவிடுவதுதான் மரியாதை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த வாயால் சொல்வது?

கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தார். “சார் சொல்லி வச்சது ஒருவழியா வந்துடுச்சும்மா. நேத்துதான் போன்ல சொன்னேன்.”

பிரித்தாள். இடது இறக்கை.

“இதை... எப்ப சொல்லி வச்சாரு?”

“அதாச்சு நாலு வருஷம்! பெட்டி வாங்கின அடுத்த வாரமே ஓடி வந்தாரு. நானும் தேடாத இடமில்லை. யாரோ பாதியில விட்ட பெட்டியிலேர்ந்து இப்பதான் கிடைச்சுது. அதுவரைக்கும் சார் புத்தகமா வாங்கி நாளை ஓட்டினாரு.”

அவள் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எப்படி உடைஞ்சுதாம்?”

“ட்யூப்லைட் மாத்த ஸ்டூல் இல்லேன்னு சார் பெட்டி மேல ஏறிட்டாராம்...” சொல்லிக்கொண்டே வந்த கடைக்காரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அய்யய்யோ, வீட்டுல தெரியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, உளறிட்டேனே! பெரிய மனசு பண்ணுங்கம்மா... பாவம், சாரைத் திட்டிடாதீங்க!”