மொட்டைத் தலைக்கு ஒரு ரிப்பன்

"மொட்டைத் தலைக்கு எதுக்கு ரிப்பன்?" என்று கேட்டேன்.

"முடி வளராதா மாமா?" என்றாள் ஒச்சாயி.

பத்து வயசுக்கு இருக்கிற முன்யோசனையைப் பாருங்கள். குலசாமி கோயிலில் மொட்டை போட்டு முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் சிவப்பு ரிப்பன் வேண்டுமாம். வாங்கித் தந்தால்தான் வாயைத் திறப்பாளாம்.

எனக்கும் வேறு வழியில்லை. பகலில் நான் மில் குமாஸ்தா கண்ணுச்சாமி. சாயங்காலம் ஆகிவிட்டால் 'குருவி மாமா'. சிறுவர் பத்திரிகைகளில் வருகிற பேசும் முயல், அழும் யானை எல்லாம் என் தயாரிப்புதான். இந்தத் தடவை ஆசிரியர் முயல் வேண்டாம் என்றுவிட்டார். அப்பா அம்மா பிரிந்திருக்கிற பிள்ளை எப்படித் தைரியமாக இருப்பது என்று கதை வேண்டுமாம். காலம் மாறுகிறதாம்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கே போவது என்று மலைத்தபோதுதான் கீழே ஒச்சாயி கண்ணில் பட்டாள். காளவாசலில் என் மாடி அறைக்கு அடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசிமாயனின் மகள். காசிமாயனும் மனைவியும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்துக்கொண்டவர்கள். பிள்ளை அம்மாவோடு சோழவந்தானில் இருந்தது. சனிக்கிழமை ஆனால் காசிமாயன் போய்க் கூட்டி வருவார்.

என் மனைவி மாயக்காளும் மகள் சீனியும்கூட அதே சோழவந்தானில்தான், மாமனார் வீட்டில். ஆனால் அதற்குப் பெயர் பிரிவு இல்லை. சின்ன மனஸ்தாபம். பொங்கலுக்கு ஆரம்பித்தது, இப்போது ஆடி. அவளாக வரட்டும் என்று இருந்தேன். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று உண்டே. சீனி விவரம் தெரியாத பிள்ளை, அதற்கு ஒன்றும் தோன்றாது என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

ரிப்பனை வாங்கிக் கையில் கொடுத்தேன். ஒழுகுகிற பேனாவைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கனிய வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அப்பா பக்கத்துல இல்லாத பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கும்?"

ஒச்சாயி யோசித்தாள்.

"பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடும். யாரும் எறங்கலன்னா, சும்மா வேடிக்க பாக்க வந்த மாதிரி நிக்கும்."

எனக்குப் புல்லரித்தது. எழுதிக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அப்பாவோட பழைய சட்டைய ஒளிச்சு வச்சிருக்கும். பையில மைக்கறை இருக்கும்ல, அதத் தொட்டுக்கிட்டே தூங்கும்."

"அழுமா?"

"அழுகாது. எங்கப்பாவுக்கு வேல சாஸ்தின்னு எல்லார்ட்டயும் சொல்லும்."

என் கண்ணே கலங்கிவிட்டது. அப்படியே கதையாக்கினேன். ஒரே ஒரு திருத்தம்தான். சைக்கிள் கடைக்காரர் சட்டையில் மை எப்படி வரும்? பிள்ளை ஏதோ குழம்பிச் சொல்கிறது என்று 'கிரீஸ் கறை' என்று மாற்றினேன். எழுத்தாளன் என்றால் இந்தக் கூர்மை வேண்டாமா?

முடிவில் ஒரு புத்திமதியும் வைத்தேன். 'பெற்றோர்களே, உங்கள் வீம்புக்குப் பிள்ளைகள் பலியாகலாமா?' எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

கதை வந்தது. ஆசிரியர் பாராட்டினார். அந்தச் சனிக்கிழமை காசிமாயன் பத்திரிகையோடு மாடி ஏறி வந்தார். பின்னாலேயே ஒச்சாயி.

"அண்ணே, நான் என்ன கொற வச்சேன்? வாரா வாரம் போயிக் கூட்டியாரேன். மொட்ட போட்டப்பக்கூட நானும் அவ ஆத்தாளும் சேந்துதான் நின்னோம். புருசன் பொஞ்சாதிக்குத்தான் ஆகல, பிள்ளைக்கு ரெண்டு பேரும் இருக்கோம். அப்பன் மொகத்தயே பாக்காம ஏங்குதுன்னு எழுதிப்புட்டீகளே. சைக்கிள் கடைன்னு வேற போட்டிருக்கு. கடைக்கு வாரவன் என்னிய என்ன நெனப்பான்?"

"உங்க மக சொன்னதத்தான் எழுதுனேன்" என்று நழுவப் பார்த்தேன். ஒரு ரிப்பனுக்காகப் பெற்ற தகப்பனைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறதே என்று பிள்ளை மேல் கோபமாக வந்தது.

ஒச்சாயி முறைத்தாள்.

"நான் எங்க என்னியச் சொன்னேன்? அப்பா பக்கத்துல இல்லாத பிள்ளைன்னு கேட்டீக. பள்ளிக்கூடத்துல எனக்கு அடுத்து உக்காந்திருக்கிற பிள்ளையச் சொன்னேன்."

"எந்தப் பிள்ளை?"

"சீனிதான் மாமா. ஒங்க சீனி."

காசிமாயன் என்னைப் பார்த்தார். பத்திரிகையை மெல்லச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒச்சாயிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

"ஏன் மாமா கிரீசுன்னு மாத்துனீக? மைக்கறைன்னு இருந்தா, அப்பா நம்மளத்தான் எழுதியிருக்காருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்ல. நான் அம்புட்டும் எதுக்குச் சொன்னேன்? அந்த ரிப்பன அதுக்குக் கட்டிவிட்டு, ஒங்கப்பா குடுத்து விட்டதுன்னு சொன்னேன். அதயே அது நம்பல."

மேஜையில் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

"சோழவந்தான் பஸ் கீழதான் நிக்குது" என்றார் காசிமாயன். "போறீகளாண்ணே?"

கொடியிலிருந்து சலவைச் சட்டையை எடுத்தேன். பிறகு அதைத் திரும்பவும் கொடியிலேயே போட்டுவிட்டு, பையில் மைக்கறை பெரிசாக இருக்கிற பழைய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் மகளுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டுமே.