ஓட்டை இல்லாத தோல்

உள்ளங்கையில் மூன்று விதமான குண்டுகள். எதைப் போடுவது?

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரும்புத் தோட்டத்து ஓரம், ஈச்சம்புதருக்குப் பின்னால், கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் குந்தியிருந்தான். நாட்டுத் துப்பாக்கி மடியில் வெறும் குழாயாகக் கிடந்தது.

ஒரு தடவை கெட்டித்துவிட்டால் மாற்ற முடியாது. வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துவிட்டால் அவ்வளவுதான். சுட்டுத்தான் காலி பண்ண வேண்டும். சுட்டால் நாலு மைலுக்கு நரி இருக்காது.

பொடிக் குண்டான ரவை வேண்டாம். நேற்று ரவையால்தான் கெட்டான்.

குறி தப்பிவிடுமோ என்ற பயத்தில் ஒரு பிடி ரவையை அள்ளிப் போட்டுச் சுட்டிருந்தான். நரி விழுந்தது. ஸ்டேஷன் வாசலில் ஏட்டு அந்தத் தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் முகமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தது.

"ஏன்டா, இன்ஸ்பெக்டர் ஐயா புது வீட்டுச் சுவத்துல மாட்டத் தோல் கேட்டாரா, மாவு சலிக்கச் சல்லடை கேட்டாரா? ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. நாளைக்குக் கொண்டா. தம்பியக் கூட்டிட்டுப் போ."

தம்பி தேசிங்கு உள்ளே இருந்தான். நாலு நாளாக.

யார் தோட்டத்திலோ பம்புசெட் மோட்டார் காணாமல் போய்விட்டது. ஊசி பாசி விற்றுக்கொண்டு ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பவனை விட்டால் போலீசுக்கு வேறு யார் கிடைப்பார்கள்? அவ்வளவு கனத்தைத் தூக்கவே தேசிங்கால் ஆகாது. அவன் கண்ணி வைத்துக் கொக்கு பிடிப்பவன்.

நேற்று வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து இருமல் கேட்டது. தேசிங்கின் இருமல்தான். இருமி முடித்ததும் ஒரு முனகல் முனகுவான், சின்ன வயதிலிருந்தே. அதைக் கேட்டுக்கொண்டே சல்லடைத் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பினான். ஒரு பிடி ரவையால் தம்பிக்கு அங்கே இன்னொரு ராத்திரி.

ஈயக் குண்டும் வேண்டாம். போகும்போது சுண்டைக்காய். எலும்பில் பட்டு நசுங்கி வெளியே வரும்போது எலுமிச்சம்பழம்.

மிச்சம் இருப்பது பால்ரஸ். சைக்கிள் கடை வாசலில் பொறுக்கிய இரும்புக் குண்டு. நசுங்காது. ஆனால் முழு மருந்துக்கு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு ஓட்டை.

பாதி மருந்து போட்டால் உள்ளேயே நின்றுவிடும். ஒரு ஓட்டை.

அந்த ஒன்றும் இருக்கக் கூடாது.

அப்படியென்றால் சுடுவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அதற்கு நரி பத்தடிக்குள் வர வேண்டும். வந்து, அவனுக்கு நேரே வாயைத் திறக்க வேண்டும்.

பாதி மருந்தைக் குழாயில் கொட்டினான். நாரைத் திணித்தான். பால்ரஸைப் போட்டு இடித்தான். இனி மாற்ற முடியாது.

இரண்டு கைகளையும் வாயில் குவித்து, நரிக்குட்டியின் குரலில் அழுதான்.

அவன் கூட்டத்தில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆண் நரியாக ஊளையிடலாம், கூட்டமாக ஊளையிடலாம். குட்டிக் குரல் மட்டும் ஆகாது. அதற்கு வருவது தாயாகத்தான் இருக்கும். சிறுவயதில் விளையாட்டுக்குச் செய்து காட்டி அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த பாவத்துக்குத் தேசிங்குக்கும் ஒன்று விழுந்தது.

மூன்றாவது அழுகைக்கு வந்துவிட்டது.

மடி தொங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. கம்பளிக்கு நேரே நின்று, பதில் சொல்ல வாயைத் திறந்தது.

மன்னிச்சுக்கோ என்று தன் பாஷையில் சொல்லிக்கொண்டே சுட்டான்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருந்தான். எதிர்ப் பக்கம் தேசிங்கின் பெண்டாட்டி சம்பூரணம், நாலு நாளாக உட்கார்ந்த அதே இடத்தில், கஞ்சித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

ஏட்டு தோலை வெயிலுக்கு நேரே பிடித்தார். பொட்டு வெளிச்சம் வரவில்லை. தரையில் போட்டுக் கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். காதைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கடா சுட்ட?"

"தம்பிய விட்டுடுங்க சாமி."

சொல்லிவிட்டு உள்பக்கம் காதைக் கொடுத்து நின்றான். இருமல் கேட்கவில்லை.

இரண்டு கான்ஸ்டபிள்கள் தேசிங்கைத் தூக்கி வந்து வராந்தாவில் கிடத்தினார்கள். யாருடையதோ துவைத்த சட்டை போட்டிருந்தது. தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார்கள். தேசிங்கு பிறந்ததிலிருந்து தலை வாரியவன் இல்லை.

"விடியக்காலம் வலிப்பு வந்து போய்ட்டான். எங்க கை யாரும் படல." ஏட்டு தோலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நல்லாப் பாத்துக்க. உடம்புல ஒரு கீறல் கிடையாது. பாத்துட்டு, ரேகை வச்சுட்டுத் தூக்கிட்டுப் போ."

ரோட்டில் தூக்குவாளி விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

அவன் குனிந்து உட்கார்ந்தான். தம்பியின் பின்கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தான். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தான். காதைத் திருப்பிப் பார்த்தான்.

ஏட்டு சொன்னது நிஜம்தான். ஒரு கீறல் இல்லை.

பிறகு தாடையைப் பிடித்து, மெதுவாக வாயைத் திறந்தான்.