நெருப்பு எழும்பி நின்ற பின்னேரம்

ஃபேனை ஐந்தில் வைத்தும் நெருப்பு படுத்தே கிடந்தது.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் ஹீற்றர் அது. புகையை வெளியே இழுக்கும் ஃபேன் போன கிழமை செத்துப்போனது. புது மோட்டரும், ஹீற்றர் கதவைச் சுற்றிக் காற்றுப் புகாமல் ஒட்டும் சீலும் வாங்கி நானே பூட்டினேன். கணக்காளன் கையில் ஸ்குரூட்ரைவர், குரங்கின் கையில் பூமாலை.

இனி ஃபேனின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டியதுதான் மிச்சம். சரியாக இழுத்தால் சுவாலை வெளிறிய மஞ்சளாகச் சுறுசுறுப்பாக எரியும் என்று ஹீற்றரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. என்னுடையது செம்மஞ்சளாகச் சோம்பிக் கிடந்து கண்ணாடியைக் கரியாக்கியது. அறையில் புகை நாறியது.

நாளைக்கு மகள் வீட்டுக்கு வருகிறாள். மாதம் நிறையாமல் பதினொரு கிழமை முந்திப் பிறந்தவள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, தென்கோளத்தில் இருக்கும் எங்கள் ரோவிலின் ஆடி மாதக் குளிருக்குள் வருகிறாள். வீடு சூடாக இருக்க வேண்டும், புகை மட்டும் கூடவே கூடாது என்று தாதி இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

நான்கு. ஐந்து. திரும்ப மூன்று.

எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

குசினியில் என் மனைவி யோகராணி, பால் நன்றாகச் சுரக்க வேண்டுமென்று பத்தியக் கறிக்கு உள்ளி வதக்கிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே, சமையல் ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் விமானம் மாதிரி இரைந்தது.

தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. பேசுவது கேட்கவில்லை என்று அவள் குசினி ஃபேனை நிறுத்தினாள்.

என் முன்னால் நெருப்பு எழும்பி நின்றது.

நான் எதையும் தொடவில்லை. கரி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் அது நிமிர்ந்து, வெளிச்சமாக, படபடவென்று எரிந்தது. முழங்காலில் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்தேன். கேரம் டவுன்ஸ் கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பூட்டிய வீட்டுக்குள் இரண்டு ஃபேனும் ஒரே காற்றுக்குச் சண்டை பிடித்திருக்கின்றன. குசினி வென்றிருக்கிறது, புகை உள்ளே திரும்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெறும் காற்று இவ்வளவையும் செய்யும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிப் போகலாமாம். யோகராணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இனிமேல் சமைக்கும்போது யன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும் என்று சொல்லி, குசினி யன்னலின் பூட்டில் கை வைத்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, திறவாதேங்கோ! கறி மணக்குது எண்டு பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவும் கடிதம் போட்டா?"

மூன்று வருடமாக அவள் அந்த யன்னலைத் திறந்ததில்லை.

அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. வேலையிடத்தில் ஒருவன் என் கோட்டை முகர்ந்து பார்த்துச் சிரித்த அன்று, வீட்டுக்கு வந்து நானே கட்டிவிட்ட கதை அது.