பன்னிரண்டாவது 'பிடிக்கவில்லை'

"பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை."

அவ்வளவுதான் பதில். கவிதையைப் படித்து மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதச் சொன்னால், கடைசி பெஞ்சுப் பெண் இந்த இரண்டே வாக்கியத்தோடு நோட்டை மூடிவிடுவாள். இது பன்னிரண்டாவது கவிதை.

இலக்கிய டீச்சர் சிவப்புப் பேனாவை மேசைமேல் விட்டெறிந்தார். எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் நிமிர்ந்தார்.

"மறுபடியும் அவதானா?"

"அவளேதான். முப்பத்தொன்பது பேருக்குப் பிடிச்சிருக்கு. இவளுக்கு மட்டும் எதுவும் உள்ளே இறங்காது. இப்படியே போனா பாஸ்கூட ஆக மாட்டா."

"முட்டையைப் போட்டுட்டு விட்டுத் தொலைங்களேன். உங்களுக்கு என்ன வந்தது?"

விடத்தான் முடியவில்லை. முதல் கவிதைக்கு அவள் அப்படி எழுதியபோதே டீச்சருக்கு உறுத்தியது. மணி அடித்த பிறகும் அவளை நிறுத்திவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாக வாசித்துக் காட்டினார். இந்த இடத்தில் மூச்சு விடணும், இந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லணும் என்று தொண்டை வறள வறளச் சொன்னார்.

அன்று தொடங்கிய பாடு, ஒவ்வொரு கவிதைக்கும் தொடர்ந்தது. அந்தப் பெண்ணோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தூங்குறியா?" என்றால், "இல்ல டீச்சர்." மறுவாரம் அடுத்த கவிதை, அதுவும் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாவது பதிலைத் திருத்திய அன்று மதியம் ஒப்பித்தல் தேர்வு. பன்னிரண்டில் எதைக் கேட்டாலும் சொல்ல வேண்டும். டீச்சர் வேண்டுமென்றே அவளை முதலில் கூப்பிட்டார். நின்று திருதிருவென முழிக்கட்டும், அப்போதாவது புத்தி வரும்.

"கிணத்துக் கவிதை சொல்லு."

சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. வகுப்பு வாயைப் பிளந்தது. பிறகு முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டீச்சருக்கும் அப்போதுதான் உறைத்தது. குரல் தாழும் இடம், நின்று தொடரும் இடம், கடைசி வரிக்கு முன்னால் எச்சில் விழுங்குவதுவரை அத்தனையும் அவருடையது.

"ரயில் கவிதை."

அதுவும் அப்படியே. இப்போது வகுப்பே சிரித்தது. டீச்சருக்குக் காது மடல் சுட்டது.

மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னைக் கேலி பண்றியா?"

"ஐயோ, இல்ல டீச்சர்."

"பிடிக்காத கவிதையை எவளாவது இப்படி வரி விடாம மனப்பாடம் பண்ணுவாளா? நாலு பேர் முன்னால என்னை மாதிரியே பேசிக் காட்டத்தானே பண்ணினே?"

டீச்சர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் வடிந்து குரல் கம்மியது.

"நாளைக்கே தலைமையாசிரியைகிட்ட எழுதிக் கொடுத்துடறேன். இனி இலக்கண வகுப்பு மட்டும் போதும். பதினெட்டு வருஷமா சொல்லித் தர்றேன், ஒரு பொண்ணுக்கு ஒரே ஒரு கவிதையைப் பிடிக்க வைக்க எனக்குத் துப்பில்லை."

அந்தப் பெண் பதறிப்போனாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வேணாம் டீச்சர், எழுதிக் கொடுத்துடாதீங்க! எனக்கு எல்லாமே பிடிச்சிருக்கு. பன்னிரண்டும்."

"அப்புறம் ஏன்டி அப்படி எழுதித் தொலைச்சே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிடிச்சிருக்குன்னு எழுதினவங்களுக்கு நீங்க மறுபடி வாசிச்சுக் காட்டலையே, டீச்சர்."