பத்தாவது ஊர்

"இதையும் ஏத்துக்க முடியாதுக்கா. திரும்ப எழுதுங்க."

இரண்டாவது முறையாக விஷ்ணு அப்படிச் சொன்னதும் வைஜெயந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவனுக்கு இருபத்தாறு. வில்லியனூரில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன்தான் டீம் லீடர். அவளோ பன்னிரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். இந்த வேலையைச் சரியாக முடித்தால்தான் நிரந்தரம்.

மீனவ ஊர்களின் ஐஸ் ரூம்களுக்கான ஜாவா புரோகிராம் அது. ரூமில் குளிர் குறைந்தால் ஊர்ப் பொறுப்பாளருக்கு உடனே போன் போகும். ஒன்பது ஊருக்கும் ஒன்பது தடவை அவள் தனித்தனியாக எழுதியதை முதலில் திருப்பி அனுப்பினான். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஓடுது இல்ல? இன்னும் இன்னா குறை?"

"ஊர் பேரு, டெம்பரேச்சர், போன் நம்பர் எதுவும் கோடுக்குள்ள இருக்கக் கூடாதுக்கா. எல்லா ஊருக்கும் பொதுவா காம்பொனென்ட் ஒண்ணுதான். ஊருக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல். ஃபைலப் போட்டா அந்த ஊருக்குன்னு தனியா அதோட நகல், ஒரு இன்ஸ்டன்ஸ் வரணும். எடுத்தா அது மட்டும் போகணும். மத்தது நிக்கக் கூடாது."

"எப்படின்னு ஒருவாட்டி காட்டேன்பா."

"எனக்கு வேற வேலை இருக்கு. நீங்களே பாருங்க."

வீட்டுக்கு வந்து கணவன் சுபாஷிடம் பொருமித் தீர்த்தாள். "வேணும்னே துரத்தப் பாக்கறான்."

சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தவன், "உன்னால முடியலன்னா வுட்டுடு" என்றான்.

அந்த வார்த்தைதான் அவளை உசுப்பிவிட்டது. ஆறு நாள் மல்லுக்கட்டினாள். ஏழாம் நாள் ஒரு ஃபைலைப் போட்டாள்; ஒரு ஊர் வந்தது. இன்னொன்றைப் போட்டாள், இன்னொரு ஊர். முதல் ஃபைலை எடுத்தாள். முதல் ஊர் மட்டும் போனது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

விஷ்ணு பார்த்துவிட்டு, "ஓகே" என்றான். அவ்வளவுதான்.

ஒன்பது ஊர்க்காரர்களையும் வரவழைத்து முதலாளி நமச்சிவாயம் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். அவர்களோடு, பன்னித்திட்டில் மீன் வியாபாரம் செய்துகொண்டு ஊர் ஐஸ் ரூமையும் பார்த்துக்கொள்ளும் சிந்தாமணியும் வந்திருந்தாள்.

"போன மாசம் கரண்டு போயி ஒரு வண்டி மீனு வீணாப் போச்சு. எங்க ரூம்லயும் குளிர அளக்கற மிஷின் மாட்டிட்டாங்க. உங்க லிஸ்ட்லதான் எங்க ஊரு இல்ல. எப்பம்மா சேப்பீங்க?"

"ஒரு வாரம் ஆகும்" என்று ஆரம்பித்தார் நமச்சிவாயம்.

"இப்பவே சேத்துடலாம் சார்" என்றாள் வைஜெயந்தி.

ஒரு ஃபைல். மூன்று வரி: ஊர் பெயர், டெம்பரேச்சர், சிந்தாமணி சொன்ன போன் நம்பர். சேவ் செய்தாள். திரையில் பத்தாவதாகப் பன்னித்திட்டு வந்து நின்றது. மற்ற ஒன்பதும் அவைபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சோதனைக்குத் தட்டியதும் சிந்தாமணியின் மடியிலிருந்த போன் அடித்தது.

சிந்தாமணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும்மா."

எல்லோரும் போனபின் நமச்சிவாயம் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கே நிரந்தர ஆர்டர் வாங்கிக்குங்க மேடம். உங்களுக்குக் காப்பி பண்ண மட்டும்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன். விஷ்ணு இதுல ஒரு வரி எழுதியிருந்தாலும் உங்கள வேலைய விட்டு அனுப்பியிருப்பேன். அவன்கிட்டயும் அத முன்னாடியே சொல்லிட்டேன்."

அவன் எங்கே எழுதினான், திருப்பித் திருப்பி அனுப்பத்தானே செய்தான் என்று நினைத்தபடி தன் இடத்துக்கு வந்தாள்.

புது ஃபைலைக் கம்பெனி சர்வரில் சேர்க்கும்போது, விஷ்ணு பெயரில் ஒரு பழைய பதிவு கண்ணில் பட்டது. முதல் தடவை அவளுடையதைத் திருப்பி அனுப்பிய தேதி. திறந்தாள். ஒரே காம்பொனென்ட், ஊருக்கு ஒரு ஃபைல். முழுசாக முடித்து, ஓட்டியும் பார்த்திருந்தான்.

மேலே ஒரு குறிப்பு:

"அக்கா முடிக்கலன்னா மட்டும்தான் இது. முடிச்சிடுவாங்க."