இரண்டாம் பிரதிவாதி

“ரகுநாதன்!”

குமாஸ்தா அப்துல் ரஹீம் குரல் கொடுத்ததும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று ஆஜர் சொன்னார். “ஹாஜிர், சாப்.”

செகந்திராபாத் கோர்ட்டின் அந்த ஜன்னலில், ஒன்பது வருஷமாக மாதம் ஒரு தரம் அவர் இப்படித்தான் எழுந்து நின்றிருக்கிறார். கடைசித் தவணை அறுபது ரூபாயை நீட்டினார். ரசீதில் கையெழுத்துப் போட்டார்: புருஷோத்தமன்.

ரகுநாதன் வேறு ஆள். கேஸ் கட்டின் மேல் முதல் பிரதிவாதியாக அவன் பேர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டாம் பிரதிவாதி பேரைத் தேடிப் படிக்க அப்துல் ரஹீமுக்குப் பொறுமை கிடையாது. முதல் இரண்டு மாதம் திருத்திப் பார்த்த புருஷோத்தமன், அப்புறம் அலுத்துப்போய் அந்தப் பேருக்கே ஹாஜிர் சொல்லப் பழகிவிட்டார். இப்போதெல்லாம் தெருவில் யாராவது ரகுநாதா என்று கூப்பிட்டால்கூட திரும்பிப் பார்க்கிறார்.

“ஆக்ரி கிஸ்தா? முபாரக் மியா!” கடன் பூராவும் அடைந்தது என்ற காகிதத்தில் முத்திரையைக் குத்தினார் அப்துல் ரஹீம். “இனிமே இங்கே ஆனா நக்கோ, வர வேண்டாம்.”

வெளியே வேப்பமரத்தடியில் மனைவி கிரிஜா காத்திருந்தாள். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே நம்ம பேர்ல ஒரு செங்கல் வாங்கினாலும் ஜப்தின்னு எவனும் வர மாட்டானே?”

“வர மாட்டான். வா, வக்கீல் காத்திட்டிருப்பாரு.”

வந்த வினை இதுதான். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன் கடன் வாங்கினால் பக்கத்து மேஜைக்காரன் ஜாமீன் போடுவது வழக்கம். எதற்கு, எவ்வளவு என்று காகிதத்தைப் படித்துப் பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவு. அறுபத்தெட்டு ஜூனில் வெல்டர் ரகுநாதன் வந்து, “சம்சாரத்துக்கு ஆபரேஷன் அண்ணே, நாலாயிரம் வேணும்” என்று கண் கலங்கினான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்று வருஷத்தில் ரகுநாதன் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கம்பி நீட்டிவிட்டான். வட்டிக்காரன் கேஸ் போட்டபோது கைக்குக் கிடைத்தவர் இவர்தான். வட்டியும் செலவுமாக ஆறாயிரத்து நானூறுக்குமேல் கட்டித் தீர்த்தார்.

இதற்குள் ரிட்டையராக எட்டே மாதம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பி.எஃப். பணத்துக்கு அடங்குகிற மாதிரி ஊர் பூராவும் அலைந்து கிடைத்தது மல்காஜ்கிரியில் பத்மநாபன் என்பவருடைய இரண்டு அறை வீடு ஒன்றுதான். திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தார் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனபோது இரும்பு கேட்டைத் தடவித் தடவிப் பார்த்தார் புருஷோத்தமன். “வெல்டிங்கைப் பாத்தியா கிரிஜா? ஒரு மேடு பள்ளம் இருக்கா? இது நம்ம ஒர்க்‌ஷாப்காரன் கைதான்.” அவருக்கு அதில் ஒரே பெருமை.

வக்கீல் வெங்கடராமன் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டைட்டில் படு சுத்தம் சார். ஒரு வில்லங்கமும் கிடையாது. தைரியமா அட்வான்ஸ் குடுங்க.”

கிரிஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பின்னாடி கொஞ்சம் மண் இருக்கு சார். ஒரு முருங்கை வெச்சுக்கலாம்னு இருக்கேன்.”

“வையுங்கம்மா, உங்க வீடு. மூலப் பத்திரத்தையும் சொல்லிடறேன், நாளைக்கு நான் சொல்லலேன்னு ஆகக் கூடாது.” மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புரட்டினார் வக்கீல். “பத்மநாபன் இதைக் கட்டின வீடா வாங்கினது எழுபத்தொண்ணுல. அவருக்கு வித்தவர் மூணு வருஷம் முந்தி மனையா வாங்கிக் கட்டியிருக்கார். அறுபத்தெட்டு ஜூன். மனை விலை நாலாயிரம், மொத்தமும் ரொக்கம்.”

கிரிஜாவின் சிரிப்பு நின்றது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவர் மேஜைமேல் இருந்த பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆள் பணத்துக்கு ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணியிருந்தா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பண்ணியிருந்தாத்தான் என்ன? அவர் மேல யாரும் கேஸ் போடறதுக்கு முந்தியே வித்துட்டுப் போயாச்சு. பத்மநாபன் பாவம், காசு குடுத்து வாங்கினவர். இனிமே இந்த வீட்டுல யாரும் ஒரு பைசா பாத்தியதை கேக்க முடியாது. அதனாலதான் சுத்தம்னேன்.”

வக்கீலுக்கு நல்ல செய்தி சொல்லிவிட்ட திருப்தி. கிரிஜாவுக்கு வேண்டாம் என்று எழுந்து போகவும் வழியில்லை. எட்டு மாதத்தில் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது?

“மனையை வாங்கினவர் பேர் என்ன சார் போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

வக்கீல் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, உரக்கப் படித்தார்.

“ரகுநாதன்.”

புருஷோத்தமன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“ஹாஜிர், சாப்.”