இவளை மாதிரி இன்னொருத்தி

"அந்தப் பிள்ளையை விட்டுடும்மா, வேற யாரையாவது பார்த்து—"

"வேற யாரைப் பார்க்க? ஸ்கூல் முழுக்கச் சலிச்சாலும் இவளை மாதிரி இன்னொருத்தி கிடைக்க மாட்டா. நீங்க சும்மா இருங்கக்கா—"

"நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல—"

"நீங்க ஒரு தடவை சொன்னதே போதும்!"

நூலகக் கதவுக்கு வெளியே நின்றிருந்த சின்னக்குட்டிக்கு உச்சி குளிர்ந்துபோனது. தனக்காக இரண்டு மிஸ்ஸும் இப்படி முட்டிக்கொள்வார்கள் என்று யார் கண்டது?

விடமாட்டேன் என்று நின்றவர் கம்ப்யூட்டர் மிஸ். பள்ளி நூலகத்துக்கென்று ஓர் இணையதளம் செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் இனிமேல் அலமாரி அலமாரியாக அலைய வேண்டாம். தலைப்பைத் தட்டினால் போதும். எந்தப் புத்தகம், எந்தத் தட்டு, நம்பிப் படிக்க எந்தக் கட்டுரை, எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி எழுதுவது, எல்லாம் திரையில் வந்து நிற்கும்.

தளத்தைத் திறந்துவைக்கும் முன்னால் ஒரே ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ஒரே ஒரு பிள்ளைதான் சின்னக்குட்டி.

வேண்டாம் என்று தடுத்தவர் லைப்ரரி மிஸ். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத மதியங்களில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் டிபன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்துகிற மிஸ். அந்த மிஸ்ஸா இப்படி?

பொறாமை, என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அண்ணனுக்கு வந்ததும் அதுதான். "உன்னையா எடுத்தாங்க? முதல்ல உங்க மிஸ்ஸைக் கண்ணாடி மாத்தச் சொல்லு" என்றான். அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவன் மண்டையில் ஒன்று வைத்தார். பிறகு அளவு கொடுக்க வந்தவர்கள், பட்டன் கேட்டு வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் காதிலும் போட்டுவிட்டார்: ஸ்கூலுக்கே ஒருத்தி, அது என் பொண்ணு.

அம்மா தேய்த்து மடித்திருந்த சீருடையைப் பிரித்து மறுபடியும் தேய்த்தாள்.

சின்னக்குட்டியும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைப் பலகையில் இருந்த தளத்தின் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், அப்பாவின் போனில் விழுந்து கிடந்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. அழுகைகூட வந்தது. விடவில்லை. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"உள்ள வாம்மா, என் ராசாத்தி" என்றார் கம்ப்யூட்டர் மிஸ், கதவுக்கு வெளியே நின்றவளைப் பார்த்து.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். தேனீக்கள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன, இதுதான் தலைப்பு. வேண்டியதையெல்லாம் அவளே தேடி எடுக்க வேண்டும். மிஸ் வாயைத் திறக்க மாட்டாராம்.

சின்னக்குட்டியின் கை ஓடியது. புத்தகம், இதோ. தட்டு, இதோ. கட்டுரை ஒன்று, அதைவிட நல்லதாக இன்னொன்று. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்ட கட்டத்தில் எழுதியவர் பெயர்கூட ஒரு எழுத்துப் பிசகாமல் விழுந்தது.

அலமாரியோரம் நின்ற லைப்ரரி மிஸ், கையிலிருந்த புத்தகத்தைச் செருக மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு, வாங்கப்போகிற பாராட்டுக்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினாள்.

கம்ப்யூட்டர் மிஸ்ஸின் தாளில் ஒரு கோடுகூட இல்லை. முகம் சுண்டிக்கிடந்தது.

"இதை முன்னாடியே பார்த்தியா?"

"தினமும் பார்த்தேன் மிஸ்! ஒரு தப்புகூட வந்துடக் கூடாதுன்னு."

பென்சில் மேசையில் விழுந்து உருண்டது.

"போச்சு போ. தப்பு வரணும்னுதானேடி உன்னை உட்காரவச்சேன்! எதைச் சொன்னாலும் மண்டையில ஏறாத பிள்ளை எங்கெங்க முழிக்குதுன்னு பார்த்தாத்தானே நான் இதைத் திருத்த முடியும்? நீ பாட்டுக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்கிறே. இனி நீ எனக்கு எதுக்கு ஆவே?"

எல்லாவற்றையும் போல இதுவும் அவளுக்குள் மெதுவாகத்தான் இறங்கியது.

முதலில் அண்ணன் சொன்ன கண்ணாடி. பிறகு அப்பாவின் தையல் மெஷின், அதைச் சுற்றி நின்ற முகங்கள். கடைசியாக, கதவுக்கு வெளியே கேட்ட அந்தக் குரல்: அந்தப் பிள்ளையை விட்டுடும்மா.

அது பொறாமை இல்லை.

நாற்காலியை விட்டு இறங்கி நேரே லைப்ரரி மிஸ்ஸிடம் போனாள். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே ஆள். அவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்!

"பச்சைப் பிள்ளைகிட்டப் பேசற பேச்சாம்மா இது?" லைப்ரரி மிஸ் சீறினார். "உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

சின்னக்குட்டி பிடியை இறுக்கினாள்.

கம்ப்யூட்டர் மிஸ் தாளை மடித்துக்கொண்டே நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம்தான்.

"நல்லா இருக்கே கதை! எதுவும் ஏறாத பிள்ளை ஒண்ணு வேணும்னு நான் வந்து கேட்டப்போ, கொஞ்சம்கூட யோசிக்காம இவ பேரைச் சொன்னது யாரு, அக்கா?"